தெருக் கோளாறு

பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர்கள் சைக்கிளை மிதித்துக் கிளம்பி, குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி, தென்காசி வண்டி வந்து நின்று அது கிளப்பிய தூசி அடங்குவதற்குள், கருவநல்லூரில் மனிதர்கள் பேசுகிற குரல் தெருவுக்குத் தெரு வேறாகிப் போனது. சொன்ன சொல் மாறவில்லை, சொன்ன ஆளும் மாறவில்லை, சத்தம் மட்டும் மாறிப்போனது. மேட்டுத் தெருவில் யார் வாயைத் திறந்தாலும், சளி பிடித்தவரானாலும் சுருட்டுக் குடித்துத் தொண்டை கருகினவரானாலும், மேடை நிறைய வயலின்காரர்கள் உட்கார்ந்து ஒரே வில்லாக இழுத்ததுபோல வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் தெருவில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் கல் மண்டபத்துக்குள் விழுந்ததாக முழங்கி, பேசினவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தின பிறகும் வாசலிலேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. பம்ப்செட் தெருவின் கதிதான் எல்லாவற்றையும்விட மோசம். அங்கே அப்பன் பிள்ளையை அதட்டினாலும் தாய் பிள்ளையைக் கொஞ்சினாலும் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு கத்துகிற சத்தம்தான் வந்தது. அதிலும் ஒரே நேரத்தில் நாலு குரலுக்கு மேல் அந்தத் தெரு தாங்காது, ஐந்தாவது ஆள் வாயைத் திறந்தால் முதலில் பேச ஆரம்பித்தவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்துவிடும்.

கருவநல்லூர்க்காரர்கள் இதற்கெல்லாம் அசருகிறவர்கள் இல்லை. "இன்னைக்குச் சத்தம் ஒரு மாதிரியாக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள், தண்ணீர் பிடித்து முடித்ததும் வேலைக்குப் போனார்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்து, எங்கள் லைனில் ஒன்றும் இல்லை என்று இறங்கிப் போனார். தாலுகா ஆபீஸில் மனுக் கொடுக்கப் போனவர்களிடம், எந்தத் தெருக் குரல் அசல் குரல் என்று முதலில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அதை முடிவு பண்ணுவதில் சண்டை வந்து மனுவை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஊரிலேயே அன்றைக்கு சந்தோஷப்பட்டவன் ஒரே ஒருவன். பம்ப்செட் தெரு ஆவுடையப்பன், கீபோர்டு வாசிக்கிறவன், மெல்லிசைக் கச்சேரிக்காரர்களுக்குப் பின்னணி இசையைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன். தன் வீட்டுக் குழாயடியில் அந்தக் கொசுச் சத்தத்தைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. வாளியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, "சொன்னேம்லா, அப்பவே சொன்னேம்லா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தான். என்ன சொன்னான் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

அவன் சொன்னது இதுதான், அதுவும் இருபது வருஷமாகச் சொன்னது. அவன் கம்ப்யூட்டரில் எழுதுகிற, மிடி என்கிற கோப்புக்குள் பாட்டின் சத்தம் கிடையாது. எந்த ஸ்வரம், எந்த வாத்தியம், எவ்வளவு நேரம், எவ்வளவு கனமாக அடிக்க வேண்டும் என்கிற குறிப்புதான் உண்டு, சமையல் குறிப்பு மாதிரி. சத்தத்தை உண்டாக்குவது கேட்கிறவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சவுண்டு கார்டு. ஆவுடையப்பனிடம் கருப்பாக ஒரு பெட்டி இருந்தது, மாட்யூல் என்பார்கள், அதில் போட்டால் வயலின் வயலினாகவே அழும், புல்லாங்குழலில் வாசிக்கிறவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அதே கோப்பைக் கொண்டுபோய்க் கச்சேரிக்காரனின் பழைய கம்ப்யூட்டரில் போட்டால், உள்ளே இருக்கிற மட்டமான கார்டு வயலினைப் பீப்பீ என்று ஊதும், மிருதங்கத்தை அட்டைப் பெட்டியாகத் தட்டும், நாலு வாத்தியத்துக்கு மேல் சேர்ந்தால் ஒன்றை விழுங்கிவிடும். ராத்தூக்கம் கெட்டு இழைத்து இழைத்துச் செய்ததை ஊர் உலகம் முழுக்கப் பொம்மைச் சத்தமாகவே கேட்டு, "ஆவுடையப்பன் மியூசிக்கா, அது சின்னப்பிள்ளையள் வெளையாடுத மாதிரில்லா இருக்கும்" என்று சிரித்தால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும். அவனுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இருபது வருஷம் எரிந்தது.

அந்த எரிச்சல்தான் மாசி மாதம் அவன் மைத்துனன் முத்துசெல்வன் கல்யாண வரவேற்பில் வெடித்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது போடுவதற்கென்று வயலினும் வீணையுமாக ஒன்று செய்திருந்தான், அவன் செய்ததிலேயே அதுதான் நல்லது. அதைக் கச்சேரிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டார்கள். தகர டப்பாவுக்குள் கொசு கத்தியது. பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். ஆவுடையப்பன் மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கி, தப்பு தன்னுடையது இல்லை, கார்டுடையது என்று ஆரம்பித்து, நல்ல கார்டு எது மட்டமான கார்டு எது, உள்ளே என்ன நடக்கிறது என்று ரசம் ஆறுகிற வரைக்கும் விளக்கினான். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை கனக்க நின்றுகொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி சண்முகவடிவு கேட்டாள், "நல்லா வரலன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டு எறங்கியிருந்தா என்ன கொறஞ்சா போயிருவீய?"

"நான் போட்டது சரி. வந்த சத்தம்தான் தப்பு."

"நாங்க கேட்டது வந்த சத்தத்தத்தான?"

அதற்கு ஆவுடையப்பன், கடைசிச் சொல்லை ஓங்கிப் போட்டு, சொன்னான், "உன் காது தோடு மாட்டத்தான் லாயக்கு."

வடிவு இரண்டு காதிலும் கிடந்த தோட்டைத் திருகிக் கழற்றி, அவன் மாட்யூல் பெட்டியின் தலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். "நான் வேடிக்கையாத்தான் சொன்னேன், நீ கேட்டதுதான் அப்படி" என்று அவன் வாசல்வரை போய்ச் சொன்னான். அவள் திரும்பவில்லை. அதற்கப்புறம் அவன் அந்தத் தோட்டைத் தொடவும் இல்லை, தோடு இருக்கிறதென்று பெட்டியைப் போடவும் இல்லை, வேலை வந்தால் நாளைக்கு என்று சொல்லி அனுப்பினான்.

ஆகவே செவ்வாய்க்கிழமை அவனுக்கு வந்த சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. மொத்த ஊரும் சவுண்டு கார்டாகிவிட்டது. ஒரே சொல் ஒரு தெருவில் தேனாகவும் இன்னொரு தெருவில் கொசுவாகவும் வருகிறது என்பதை இனிமேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வடிவு தன் இரண்டு காதால் கேட்பாள், கேட்டதும் புரிந்துகொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று எல்லாருக்கும் சொன்னான், பம்ப்செட் தெருவுக்கு வாய்த்தது மட்டமான கார்டு, மேட்டுத் தெருவுக்கு நல்ல கார்டு. அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

"சரிவே, அப்ப என்ன செய்யணும்?" என்றார் டீக்கடைக்காரர்.

"நல்ல கார்டா மாத்தணும்."

"எங்க மாட்டணும்?"

ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. அத்தோடு அவனிடம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

கேட்காமலே ஊர் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. பெண் பார்க்கிற பேச்செல்லாம் மேட்டுத் தெருவுக்குப் போனது. அங்கே ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பிடிக்கவில்லை என்று சொன்னது அவ்வளவு இனிமையாக இருந்ததால், பெண் வீட்டார் எழுந்து கும்பிட்டு, எல்லாருக்கும் பூந்தி கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் என்ன சொன்னார்கள் என்று யோசித்தார்கள். ஸ்டேஷன் தெருப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்ன வாய்ப்பாடு திங்கட்கிழமை காலை வரைக்கும் வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்ததால், வாத்தியார்கள் வாரத்துக்கு ஒரு வாய்ப்பாடு போதும் என்று வைத்துக்கொண்டார்கள். பம்ப்செட் தெருவில் யாராவது இறந்துபோனால் உடம்பை மேட்டுத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் அழுதார்கள். சொந்தத் தெருவில் ஒப்பாரி வைத்தால் அது பிள்ளைகள் ஊதுகிற பீப்பியாகக் கேட்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் ஆரம்பத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், பிறகு தினம் தினம் யாருடைய சாவையோ கேட்டுக்கொண்டு சாப்பிட முடியவில்லை என்று, அழுவதற்கு முன் அனுமதி பெறவும் என்று தெரு முனையில் பலகை வைத்தார்கள். மீன்காரி லூர்தம்மாள் மட்டும் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றாள். "சாளை, சாளைன்னு கூவுனா கீர்த்தனை மாதிரில்லா கேக்கு. ஆளுவ கையக் கட்டிக்கிட்டு கண்ண மூடி நிக்காவ. ஒருத்தரும் வாங்க மாட்டேங்காவ."

வடிவு வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து அவள் அப்பா பலவேசம், ரிட்டயரான பஸ் கண்டக்டர், மகளையும் இரண்டு சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பம்ப்செட் தெருவுக்கு வந்தார். பேசித் தீர்த்துவிடலாம் என்று வந்தார்கள். வடிவு தோட்டுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்கக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். ஆவுடையப்பன் அந்தக் குச்சியையே பார்த்தான். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாகப் பாடம் பண்ணி வைத்திருந்தான்.

"வடிவு, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"பேசுங்க மாப்ள, மனசு விட்டுப் பேசுங்க" என்றார் பலவேசம். "ஆமா, பேசட்டும்" என்றார் ஒரு சொந்தக்காரர். "பேசாம எப்படி?" என்றார் இன்னொருவர். அடுத்த வீட்டம்மா ஜன்னலிலிருந்து, "யாரும் குறுக்க பேசாதீய" என்றாள். அவள் ஐந்தாவது குரல். ஆவுடையப்பன் முதலில் ஆரம்பித்தவனாகையால் அவன் குரல் அறுந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தான், மறுபடி எல்லாரும் அவனைப் பேசச் சொன்னார்கள், பேசச் சொல்லிச் சொல்லியே அவனைப் பேசவிடாமல் செய்தார்கள். வாயைத் திறந்து திறந்து மூடினான், வெளியே எடுத்துப் போட்ட கெண்டை மீனாக. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு எல்லாரையும் வாயை மூட வைத்தபின், அவன் பாடம் பண்ணியதெல்லாம், மனசுக்குள் அத்தனை கனமாக இருந்ததெல்லாம், தகர டப்பாக் கொசுவாகக் கிளம்பி அந்த அறையைச் சுற்றியது. சொந்தக்காரர்களில் ஒருவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். வடிவுக்குமே சிரிப்பில் உதடு துடித்தது.

ஆவுடையப்பனுக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை ஆத்திரம். "சிரிக்காதீய. இது என் கொரல் கிடையாது. நான் சரியாத்தான் பேசுதேன். இது தெருக் கோளாறு" என்று கத்தினான்.

வடிவு சிரிப்பை விட்டுவிட்டு எழுந்தாள். "கல்யாண மண்டபத்துலயும் இதத்தான சொன்னீய" என்று அவள் சொன்னதும் கொசுக் குரலில்தான், ஆனால் அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகளோடு கிளம்பினார்.

இந்தத் தெரு மட்டமானது, நல்ல தெருவில் போய்ப் பேசினால் ஆயிற்று என்று அடுத்த நாளே குளித்து வேட்டி மாற்றி மேட்டுத் தெருவுக்குப் போனான். "வாங்க மாப்ள" என்று பலவேசம் கூப்பிட்டது மங்கல வாத்தியமாகக் கேட்டது. வடிவு நடுவாசலில் வந்து நின்றாள். ஆவுடையப்பன், "வடிவு, அன்னைக்கு நான் சொன்னது தப்பாப் போச்சு. மனசுல வச்சுக்காத. வீட்டுக்கு வா" என்றான். அவன் குரல் அந்த வீட்டுக்குள் விரிந்த விரிப்பைக் கேட்டு அவன் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், எதிர் வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள், அவனே ஒரு கணம் தான் சொல்வதை விட்டுவிட்டு, என்ன அருமையான டோன் என்று நினைத்தான். வடிவு மட்டும் அசையவில்லை.

"காலையில கீரைக்காரி வந்து, நேத்துக் கீரைதான் அம்மா, வாடிப்போச்சுன்னு சொன்னா. அதுக்கும் எங்கம்மை இப்படித்தான் கண்ணத் தொடச்சா" என்றாள். "இங்க எல்லாரும் அழகாத்தான் பேசுதாவ. நான் எதை நம்ப?"

"அப்ப தென்காசிக்குப் போவோம். அங்க தெரு எல்லாம் பழைய மாதிரிதான் இருக்கு. அங்க வச்சுப் பேசுதேன்."

"அங்க வந்தா என்ன கேக்கும்? உங்க பழைய கொரல்தான் கேக்கும். அதத்தான் இத்தனை வருஷம் கேட்டேனே." உள்ளே போகத் திரும்பினவள் நின்றாள். "தப்பாப் போச்சுன்னு சொல்லுதீய. பஸ்ஸு போச்சு, கரண்டு போச்சுங்கற மாதிரி. தப்பு தானாவா போச்சு? யாரும் செய்யலையா?"

அவன் வாயைத் திறந்தான். அவனுக்கு வந்த பதில் கார்டைப் பற்றியது. நல்லவேளையாக அதைச் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

இப்படியாக ஒரு தெருவில் சிரிப்பாகவும் ஒரு தெருவில் நாடகமாகவும் ஆகி அவன் திரும்பி வந்தான். வந்து பார்த்தால் ஊர் முழுக்க அவன் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் ஆத்திரத்தில் கத்தின அந்த ஒரு சொல்லை அடுத்த வீட்டம்மா குழாயடியில் சொல்லி, குழாயடியிலிருந்து அது டீக்கடைக்குப் போய், டீக்கடையிலிருந்து எல்லாத் தெருவுக்கும் போயிருந்தது. வார்டு மெம்பர், சாக்கடை கேட்டு வந்த பெண்களைக் கண்டபடி பேசிவிட்டு, நான் மரியாதையாகத்தான் சொன்னேன், தெருக் கோளாறு என்றார். நில வழக்கில் இருந்த அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் திருடன் என்று கூப்பிட்டுவிட்டு, தெருக் கோளாறு என்று சாட்சிகளிடம் சொன்னார்கள். புருஷன்மார் பெண்டாட்டிகளிடம் சொன்னார்கள், மாமியார்கள் மருமகள்களிடம் சொன்னார்கள். கருவநல்லூரில் அதற்கப்புறம் யாரும் தப்பாகப் பேசவே இல்லை. எல்லாம் தெரு பேசியது. ஆவுடையப்பன் போகிற இடமெல்லாம் தன் சொந்த வாக்கியத்தை அடுத்தவர் வாயில் கேட்டான், கேட்கக் கேட்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் எதிர் வீட்டு செல்லையா தன் தாயைப் பார்த்து, சீக்கிரம் போய்ச் சேர் என்று கொசுக் குரலில் கத்தினான். சத்தம் சின்னதாக இருந்தாலும் சொல் தெளிவாகவே விழுந்தது. ஆவுடையப்பன் எட்டிப் பார்த்ததும் செல்லையா வெட்கப்பட்டு, "நான் நல்லபடியாத்தான் சொன்னேன் அண்ணாச்சி, தெருக் கோளாறு" என்றான். அந்தக் கிழவி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தவள் தலையை ஆட்டி, "ஆமாய்யா, தெருதான்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு கை சோற்றை எடுத்தவள் அதை வாயில் வைக்காமல் திரும்பத் தட்டிலேயே போட்டாள். ஆவுடையப்பன் உள்ளே போய் மாட்யூல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். பெட்டி முழுக்கத் தூசி படிந்திருந்தது, தோட்டின் மேலும் படிந்திருந்தது.

சித்திரையில் அம்மன் கொடைத் திருவிழா வந்தது. ஸ்டேஷன் தெருக் கோடியில் கோயில். கொட்டுக்காரர்கள் வருகிற வேன் வழியில் நின்றுவிட்டதென்று சேதி வந்தபோது கொடைக் கமிட்டிக்காரர்கள் கொஞ்சமும் பதறவில்லை, பத்தாம் நம்பர் வீட்டைத் திறங்கள் என்றார்கள். எந்தத் தெருவானாலும் பத்தாம் நம்பர் வீட்டுக்குள் பேச்சே கிடையாது என்பதை ஊர் எப்போதோ கண்டுபிடித்திருந்தது. அந்த வீடுகளில் வாயைத் திறந்தால் சொல் வராது, ஒவ்வொரு எழுத்தும் ஒரு கொட்டாக விழும், வல்லெழுத்து உடுக்கையாகவும் மெல்லெழுத்து முரசாகவும். குடியிருந்தவர்கள் காலி பண்ணிப் போய்விட்டார்கள். ஏன் அப்படி என்று ஆவுடையப்பனுக்கு மட்டும் தெரியும், யாரும் கேட்காததால் அவன் சொல்லவில்லை. மிடியில் பத்தாவது சேனல் தாளத்துக்கென்றே ஒதுக்கியது. தெரியாமல் அதில் வயலினைக் கொண்டுபோய் எழுதிவிட்டால் ராகத்துக்குப் பதில் தடதடவென்று கொட்டும் ஜால்ராவும் விழும், படிக்கிற காலத்தில் எல்லாரும் ஒரு தடவை செய்து அசடு வழிகிற தப்பு அது. கமிட்டிக்காரர்கள் வழக்காடுகிற அந்த அண்ணன் தம்பி இருவரையும் கூட்டிவந்து பத்தாம் நம்பர் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்காரவைத்து, வரப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். அப்படி ஒரு கொட்டை கருவநல்லூர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சாமியாடி துள்ளிக்கொண்டு எழுந்து ஆடினார், பெண்கள் குலவையிட்டார்கள், நடுவில் தம்பி தெருக் கோளாறு என்று சொல்ல வாயெடுத்ததும் அதுவும் கொட்டாகவே விழுந்து, ஆட்டத்துக்கு வாகாக அமைந்துபோனது.

கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த ஆவுடையப்பனுக்கு அந்த வீட்டுக்குள் இனிமையும் இல்லை, கொசுவும் இல்லை என்பது உறைத்தது. சாமி கும்பிட வந்திருந்த பலவேசத்தைத் தேடிப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனான்.

"மாமா, வடிவ ஒருக்கா இந்தப் பத்தாம் நம்பருக்கு வரச் சொல்லுங்க."

"அங்க என்னத்தப் பேசுவீய மாப்ள? டமடமன்னுல்லா கேக்கும்."

"நான் பேசதுக்கு இல்ல மாமா. அவ பேசட்டும்."

பலவேசம் அவனை மேலும் கீழும் பார்த்தார். மருமகன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை, ஆள் புத்தி கெட்டுக் கோட்டியாகிவிட்டானோ என்றுகூட நினைத்தார், இருந்தாலும் போய்ச் சொன்னார்.

கொடை முடிந்த மறுநாள் மத்தியானம் வடிவு வந்தாள். கூடத்தில் வேப்பிலை காய்ந்து கிடந்தது, மஞ்சள் தண்ணீர் சிந்தின இடம் காய்ந்து திட்டாக இருந்தது. அண்ணன் தம்பி உட்கார்ந்த இரண்டு ஸ்டூல்களும் எதிரெதிராக அப்படியே கிடந்தன, அவற்றில் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். வடிவு அவன் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

கொட்டு விழுந்தது. ஒன்று, அதைத் தொட்டாற்போல இரண்டு, கொஞ்சம் இடம் விட்டு நாலைந்து ஓட்டமாக, கடைசியில் ஓங்கி மூன்று அடி. அவனுக்குப் புரியவில்லை. எப்போதும் புரியாதபோது அவன் செய்வது ஒன்று உண்டு, தனக்குத் தெரிந்ததைப் பேச ஆரம்பிப்பான். இந்தத் தடவை அவன் கையை மட்டும் லேசாகத் தூக்கி, "இன்னொருக்கா" என்றான். நாலைந்து சின்ன அடி விழுந்தது. வடிவுக்கு அது விளங்கியதோ, தூக்கின கையைப் பார்த்துச் சொன்னாளோ, திரும்ப அதையே சொன்னாள், கொஞ்சமும் மாறாமல், அதே இடைவெளி, அதே ஓட்டம், கடைசியில் அதே ஓங்கின அடி.

இரண்டாம் தடவை அவனுக்குத் தெரிந்துவிட்டது. உன் காது தோடு மாட்டத்தான் லாயக்கு. அவன் சொன்னதை அவள் அவனுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் எந்த இடத்தில் நிறுத்தினானோ அந்த இடத்தில் நிறுத்தி, லாயக்கு என்பதை அவன் எவ்வளவு ஓங்கிப் போட்டானோ அவ்வளவு ஓங்கிப் போட்டு. எந்த ஸ்வரத்தை எவ்வளவு கனமாக அடிக்க வேண்டும் என்று எண் போட்டு எழுதியே வயிறு வளர்த்தவன் அவன். அடியின் கனம் கோப்பிலேயே இருக்கிறது, எழுதினவன் வைத்தது அது, நல்ல கார்டோ மட்டமான கார்டோ அதைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. இதை அவன் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறான். அந்த அடியைத்தான் இவள் மாசி மாதத்திலிருந்து காதுக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று நினைத்ததும் கண் நிறைந்து எதிரே இருந்தவள் கலங்கித் தெரிந்தாள். மறுபடியும் கையைத் தூக்கினான். அவள் மூன்றாவது தடவையும் சொன்னாள். முழுக்கக் கேட்டான்.

வெளியே லூர்தம்மாள் சாளை சாளை என்று கூவிக்கொண்டு போனாள், அவள் போன பிறகும் சாளை கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்றது. வடிவு ஒரு கையை உயர்த்திக் காதிலிருந்த வேப்பங்குச்சியை உருவிக்கொண்டே நாலே அடியில் ஏதோ கேட்டாள். இது அவனுக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. தோடு எங்க.

அவன் எழுந்து கதவைத் திறந்தான். ஸ்டேஷன் தெருவைத் தாண்டி, மேட்டுத் தெரு முனையில் அந்தப் பலகையைத் தாண்டி, ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பம்ப்செட் தெருவுக்கு நடந்தார்கள். தோடு வைத்த இடத்திலேயே இருந்தது. வடிவு அதை எடுத்துப் பெட்டியின் தலையில் தூசி படியாமல் நின்ற இரண்டு சின்ன வட்டங்களைப் பார்த்தாள். தோட்டை முந்தானையில் துடைத்து, ஒன்றை மாட்டினாள், மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள், தகர டப்பாக் கொசுவின் குரலில். "தப்பு தானாப் போச்சா?"

"இல்ல. நான் செஞ்சேன்" என்றான் ஆவுடையப்பன். அதுவும் கொசுவாகத்தான் வந்தது, அத்தனை பெரிய ஆளின் வாயிலிருந்து அத்தனை சின்னச் சத்தம்.

வடிவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தெருவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது தோட்டைக் காதருகே கொண்டுபோனாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான்.